சிமெண்ட் மூட்டையை இறக்குமுன்: ஆம்ஸ்ஹவுஸ் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் பழைய ஆம்ஸ்ஹவுஸ்களில் (ஏழை முதியவர்கள் குடியிருக்கும் தரும வீடுகளில்) அறங்காவலர்களாக இருக்கும், இனிப் பொறுப்பேற்க இருக்கும் தமிழர்களுக்கு வணக்கம்.

குரோய்டன் கடைத்தெருவுக்குப் போகிற நம்மவர்கள் பலர் அந்தக் கட்டடத்தை வாரம் ஒருமுறையாவது கடந்திருப்பார்கள். நார்த் எண்டும் ஜார்ஜ் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில், டிராம் ஓடும் வழியில், கடைகளுக்கு நடுவே தணிந்து நிற்கும் செங்கல் கட்டடம். கேன்டர்பரி பேராயர் ஜான் விட்கிஃப்ட் 1596-ல் தொடங்கி 1599-ல் கட்டி முடித்தது. வாசலுக்கு மேலே லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. நம் விவிலியத்தில் அதே வரி "தரித்திரருக்குக் கொடுப்பவன் தாழ்ச்சியடையான்" என்று வரும். சாலையை அகலப்படுத்த இதை இடித்துவிடலாம் என்ற பேச்சு பலமுறை எழுந்தது. 1923-ல் பிரபுக்கள் சபை தலையிட்டுக் காப்பாற்றியது. வயதானவர்கள் இன்றும் அங்கே குடியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளை நடத்தும் அறக்கட்டளைகள் நாடு முழுவதும் சுமார் 1,600. பெரும்பாலானவை சிறியவை, ஆறு வீடு, பத்து வீடு, ஒரு தோட்டம், ஒரு வங்கிக் கணக்கு. குழுவில் சேர்ந்த புதிதில் உங்கள் மேசைக்கு வருவது அநேகமாக ஒரு பழுதுபார்ப்புச் செலவு மதிப்பீடாகத்தான் இருக்கும்: ஓதம் (ஈரம்) ஏறிய சுவர், உதிரும் செங்கல், குளிரும் அறை. அதில் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைச் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல். அறச்சாசனத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். நிறுவியவர் சாசனத்தில் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் கொத்தனார் கட்டிவைத்திருக்கிறார். அது தெரியாமல் செய்யும் பழுதுபார்ப்பு, அறத்தையும் சேர்த்தே பழுதாக்கிவிடுகிறது.

முதலில் கதவுகளை எண்ணுங்கள். 13 வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இயேசுவும் பன்னிரு சீடர்களும் என்பது கணக்கு. வின்செஸ்டரில் ஆயர் ஹென்றி ஆஃப் புளோவா 1130-களில் நிறுவிய செயின்ட் கிராஸ், 13 ஏழை ஆண்களுக்கானது. லண்டன் மேயராக இருந்த ரிச்சர்ட் விட்டிங்டன் 1423-ல் இறந்தபின் அவர் சொத்தில் எழுந்ததும் 13 பேருக்கு. 1437-ல் எவெல்மில் வில்லியம் டி லா போலும், கவிஞர் சாசரின் பேத்தியான அவர் மனைவி ஆலிஸும் நிறுவியதும் 13 பேருக்குத்தான். இந்த எண் வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை. குடியிருப்பவர்கள் நிறுவியவரின் ஆன்மாவுக்காகத் தினமும் செபிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வீடும் சோறும் அதற்கான கைம்மாறு. நம் ஊர்ச் சத்திரத்தோடு இதை ஒப்பிடத் தோன்றும். சத்திரம் வழிப்போக்கருக்கு, ஒன்றிரண்டு நாளுக்கு. ஆம்ஸ்ஹவுஸ் அந்த ஊர் முதியவருக்கு, ஆயுள் முழுவதுக்கும். ஆனால் செயின்ட் கிராஸில் கேட்டு வரும் வழிப்போக்கருக்கு ஒரு கொம்புக் குவளை பீரும் ஒரு துண்டு ரொட்டியும் இன்றும் தருகிறார்கள்.

செபம்தான் பழைய கட்டடங்களின் வடிவத்தைத் தீர்மானித்தது. படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்கும் பலிபீடம் தெரிய வேண்டும். ஆகவே ஒரே நீள மண்டபம், இரு பக்கமும் படுக்கை, கிழக்குக் கோடியில் சிற்றாலயம். இது அப்படியே பிழைத்திருக்கும் இடம் சிசெஸ்டரின் செயின்ட் மேரீஸ். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பிரம்மாண்டமான கூரை, இருபுறமும் மிகத் தாழ்ந்து வரும். 17-ஆம் நூற்றாண்டில் அந்தக் கூரைக்குள்ளேயே தனித்தனி அறைகளை அடைத்து, கூரையைத் துளைத்துச் செங்கல் புகைபோக்கிகளை எழுப்பினார்கள். ஒருவருக்கு ஒரு கணப்பு (குளிர்காயும் அடுப்பு), ஒரு கதவு என்ற எண்ணம் ஒரு பொதுமண்டபத்துக்குள் நுழைந்ததை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

1536-க்கும் 1540-க்கும் இடையில் துறவு மடங்களும், 1540-களில் இறந்தோருக்காகச் செபிக்கும் அறக்கட்டளைகளும் கலைக்கப்பட்டன. அதன்பின் கட்டியவர்கள் பெரும்பாலும் வணிகர், பிரபு, பேராயர். இடம் முற்றத்தைச் சுற்றிய வீடுகளாக மாறியது: வாயில் கோபுரம் ஒன்று, கதவெல்லாம் உள்முற்றத்தை நோக்கி, நடுவில் தண்ணீர்ப் பம்பு, ஒரு பக்கம் சிற்றாலயம், ஒரு பக்கம் கூடம். இரவில் வாயிலைச் சாத்தினால் எல்லாரும் உள்ளே. கில்ஃபர்டில் பேராயர் ஜார்ஜ் ஆபட் 1619-ல் அடிக்கல் நாட்டிய கட்டடத்தின் வாயில், நான்கு மூலைக் கோபுரங்களோடு அரண்மனை வாசல் போல இருக்கும். விசித்திரமான விதிவிலக்கு யார்க்ஷையரின் பீம்ஸ்லி. கம்பர்லாந்துச் சீமாட்டி மார்கரெட் 1593-ல் நிறுவியது. வட்டமான கட்டடம், நடுவில் சிற்றாலயம், சுற்றிலும் அறைகள். தன் அறைக்குப் போக ஒவ்வொருவரும் சிற்றாலயத்தைக் கடந்தே ஆக வேண்டும். செபத்துக்கு வராமல் தப்ப வழியில்லாதபடி தரைவரைபடத்தையே போட்டுவிட்டார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல வீடுகள் சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டன. லண்டன் மைல் எண்ட் சாலையில் 1695-ல் எழுந்த டிரினிட்டி கிரீன், தளர்ந்த கப்பல் தலைவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் உரிய 28 வீடுகள். சாலையைப் பார்த்த முகப்புச் சுவர்களின் மேல் சின்னக் கப்பல்களின் சிற்பம் வைத்திருக்கிறார்கள். ஷோர்டிச்சில் 1714-ல் சர் ராபர்ட் ஜெஃப்ரியின் சொத்தில் கட்டிய 14 வீடுகள் (இன்று வீட்டு வாழ்க்கைக்கான அருங்காட்சியகம்) நீள வரிசையாக நின்று, நடுவில் நிறுவியவரின் சிலையைச் சாலைக்குக் காட்டுகின்றன. தருமமும் பெயரும் சேர்ந்தே கட்டப்பட்ட காலம் அது.

பெயரைப் பேசினால் பணத்தையும் பேச வேண்டும். ஜெஃப்ரியின் செல்வத்தில் அடிமை வணிகத்தின் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியிலும் அவர் முதலீடு இருந்தது. பிரிஸ்டலில் செயின்ட் மைக்கேல்ஸ் குன்றில் 1691-ல் எட்வர்ட் கோல்ஸ்டன் கட்டிய ஆம்ஸ்ஹவுஸும் அப்படித்தான். அடிமைக் கப்பல்களை நடத்திய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பொறுப்பில் இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியே பாப்ளரில் தன் ஆட்களுக்காக ஒரு ஆம்ஸ்ஹவுஸ் நடத்தியது. வீடுகள் இன்று இல்லை. 1654-ல் கட்டி முடித்த கம்பெனியின் சிற்றாலயம் மட்டும் பழைய செயின்ட் மத்தியாஸ் என்ற பெயரில் நிற்கிறது. மதராஸில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான். உங்கள் அறக்கட்டளையின் முதலீடு எங்கிருந்து வந்தது என்பதைத் தேடி, அறிவிப்புப் பலகையில் உள்ளபடி எழுதுங்கள். கல்வெட்டைப் பெயர்ப்பதும் மூடி மறைப்பதும் எங்களுக்கு ஏற்பில்லை. பக்கத்தில் உண்மையை எழுதி வைப்பதே நேர்மை.

சட்ட நிலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் புதியவர்கள் தடுமாறுவது இதில்தான். உங்கள் வீட்டில் இருப்பவர் வாடகைதாரர் அல்லர்; அறத்தின் பயனாளி, உரிமம் பெற்றுக் குடியிருப்பவர். 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அவர் கட்டுவது வாடகை ஆகாது, வாராந்திரப் பராமரிப்புப் பங்களிப்பு. அது அவருக்குக் கஷ்டம் தரும் அளவுக்குப் போகக்கூடாது. வரும் பணத்திலிருந்து இரண்டு நிதிகளுக்கு ஒதுக்குவது வழக்கம்: சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் வேலைகளுக்கு ஒன்று (வண்ணம், கூரையோர மழைநீர்க் கால்வாய், மின்கம்பி), கூரை மாற்றுவது போன்ற பெரிய பழுதுக்கு இன்னொன்று. இரண்டாவதில் கைவைத்து முதலாவதை நிரப்பும் குழுக்களின் கூரைதான் முதலில் ஒழுகும். வருமானம் வேறு பக்கம் போனால் என்னவாகும் என்பதற்கு செயின்ட் கிராஸே சாட்சி. 1808 முதல் அதன் தலைவராக இருந்த பிரபு பிரான்சிஸ் நார்த், நிலக் குத்தகைப் பணத்தின் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொண்டார். 1853-ல் நீதிமன்றம் அதைக் கண்டித்தது.

இனி சுவருக்கு வருவோம்.

20-ஆம் நூற்றாண்டுக்கு முன் கட்டிய ஆம்ஸ்ஹவுஸ் என்றால் அநேகமாக நடுவே வெற்றிடம் இல்லாத திடச் சுவர், 225 அல்லது 340 மில்லிமீட்டர் தடிமன், சுண்ணாம்புச் சாந்து. மழையில் இந்தச் சுவர் நனையும். வெயிலிலும் காற்றிலும் உலரும். உலர்வதற்கான வழி செங்கலுக்கு இடையிலுள்ள சாந்து. தேய வேண்டியதும் அதுதான். அது தேய்ந்தால் நூறாண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், செங்கலை அப்படி மாற்ற முடியாது. அந்த இடுக்கில் சிமெண்டைப் பூசினால் ஈரம் செங்கலின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உறைபனி இரவில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது. செங்கல் முகம் தகடு தகடாகப் பெயர்ந்து விழுகிறது. சில குளிர்காலம் கழித்துப் பார்த்தால் செங்கல் உள்வாங்கிப் போய், சிமெண்ட் மட்டும் தேன்கூட்டு வரம்பு போல நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காட்சியை எங்கே கண்டாலும் காரணம் அதுதான். சந்தேகம் இருந்தால் சாவி முனையால் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள்: உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு, கீறலே விழாவிட்டால் சிமெண்ட்.

திரும்பப் பாயின்டிங் செய்யும்போது, அதாவது இடுக்கில் புதுச் சாந்து நிரப்பும்போது, ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய சாந்தை உளியும் சுத்தியலும் கொண்டு கையால் எடுக்க வேண்டும். ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல். கிரைண்டர் கூடாது. வட்டு ஒரு நொடி வழுக்கினாலும் செங்கல் விளிம்பில் விழும் வெட்டு ஆயுளுக்கும் போகாது. சிமெண்ட் மிக இறுகிப்போய், எடுத்தால் செங்கல் உடையும் என்ற இடத்தில் அதை விட்டுவிடுங்கள், தானாகத் தளரட்டும். பிறகு தூசியைத் துலக்கி, மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சாந்து பிடிக்காமல் மாவாகும். கலவை ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஏறத்தாழ மூன்று பங்கு, பருமணியும் நுண்மணியும் கலந்த சொரசொரப்பான மணல். மழையும் காற்றும் அறையும் புகைபோக்கிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் 3.5 வகை ஹைட்ராலிக் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டு இறுகும் வகை) பொருந்தும். "பிடிமானத்துக்குக் கொஞ்சம் சிமெண்ட்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். சாந்தை அழுத்தி நிரப்பி, செங்கலின் தேய்ந்த விளிம்புக்குச் சற்று உள்ளே நிறுத்த வேண்டும். முகத்தின் மேல் வழித்துவிட்டால் இடுக்கு இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும், மெல்லிய ஓரம் முதலில் பிய்ந்து தண்ணீரைப் பிடித்துவைக்கும். நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதத்தில் முரட்டுத் தூரிகையால் தட்டிவிட்டு, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காக்க வேண்டும்.

வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் இந்த வேலை ஆகாது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, மானியத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று டிசம்பரில் சாரம் கட்டுவதுதான் நிறைய இடங்களில் நடக்கும் தவறு. ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சதுர மீட்டர் மட்டும் மாதிரி செய்யச் சொல்லி, உலர்ந்தபின் நிறம் பார்த்துச் சம்மதம் கொடுங்கள்.

ஓதத்துக்கு வரும் மதிப்பீடுகள்தான் அதிகம் பணம் தின்பவை. சுவரில் மின்முனை வைத்துப் பார்க்கும் கருவி ஈரத்தை மட்டும் காட்டாது, உப்பையும் ஈரமாகக் காட்டும். அதன் எண்ணை நம்பி ரசாயன ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதில் பெருமழை பெய்யும்போது குடையோடு போய் சுவரைச் சுற்றி நடங்கள். எந்த மழைநீர்க் கால்வாய் நிரம்பி வழிகிறது, எந்தக் குழாயின் பின்புறம் பச்சைப் பாசி பிடித்திருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வார்ப்பிரும்புக் குழாய்கள் சுவரை ஒட்டிய பின்பக்கத்தில்தான் துருப்பிடித்து வெடிக்கும். முன்னாலிருந்து பார்த்தால் வண்ணம் புதிதாக இருக்கும். ஒரு கைக்கண்ணாடியைக் குழாய்க்குப் பின்னால் நுழைத்துப் பாருங்கள். மழைநீர்க் கால்வாய்களை ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்யுங்கள், அதில் ஒன்று இலையெல்லாம் உதிர்ந்து முடிந்த பிறகு.

அடுத்து வெளித்தரை. நூற்றாண்டுக் கணக்கில் தளத்தின்மேல் தளம் போட்டு முற்றம் உயர்ந்திருக்கும். வெளித்தரை, உள்தரையைவிட 150 மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். சக்கர நாற்காலிக்காக வாசல்படியை ஒழிக்க முற்றத்தைச் சரிவாக உயர்த்துவார்கள். நோக்கம் சரி, ஆனால் அந்தச் சரிவு சுவரைத் தொட்டால் அடுத்த ஆண்டே அறைக்குள் ஓதம். சரிவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு திறந்த வாய்க்கால் விட்டு, கதவுக்கு நேரே மட்டும் இரும்புக் கிராதி போட்டு மூடினால் இரண்டும் நடக்கும்.

படுக்கையறையில் புகைபோக்கி மேடு ஓடும் இடத்தில் பழுப்புத் திட்டு இருக்கிறதா? மழை நாளில் கறுத்து, வெயில் நாளில் வெளிறுகிறதா? பல தலைமுறை நிலக்கரி எரித்த உப்புகள் செங்கலுக்குள் ஊறி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதோடு, கணப்பைப் பயன்படுத்துவதில்லை என்று கீழேயும் மேலேயும் அடைத்திருந்தால் உள்ளே ஈரம் தேங்கி நிலைமை மோசமாகும். மேலே மழை புகாத, காற்று போகும் மூடி. கீழே ஒரு செங்கல் அளவு, 225-க்கு 75 மில்லிமீட்டர் காற்றுத்துளை. பாதிக் கஷ்டம் இதிலேயே தீரும். உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு போடுங்கள். எரிவாயுச் சாதனம் இணைந்திருக்கும் புகைக்குழாயில் மட்டும் பதிவு பெற்ற எரிவாயுப் பொறியாளர் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

முதியவருக்குக் குளிரக்கூடாது என்பதில் எங்களுக்கும் இரண்டாம் கருத்து இல்லை. அதைக் கூரையிலிருந்து தொடங்குங்கள். பரணில் 270 மில்லிமீட்டர் கம்பளிப் பஞ்சு, கூரை ஓரத்தில் காற்றோட்டத்துக்கு 50 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்கு முன் வௌவால் இருக்கிறதா என்று தகுதி பெற்றவரை வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் எல்லா வௌவால்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பழைய ஜன்னலைப் பிடுங்காமல் உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வையுங்கள். சுவரின் உட்பக்கம் அலுமினியத்தாள் ஒட்டிய நுரைப்பலகையை அறைய வேண்டாம். அறையின் ஈராவி அதற்குப் பின்னால் போய்க் குளிர்ந்த செங்கலில் நீராகும். சுவரில் செருகியிருக்கும் உத்திரத்தின் முனை யார் கண்ணுக்கும் தெரியாமல் உளுத்துப்போகும். உட்பூச்சு வேண்டியே ஆக வேண்டுமென்றால் மரநார்ப் பலகையும் அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சும்.

கடைசியாக, மீண்டும் கதவு. பழைய வீடு பெரும்பாலும் ஒற்றை அறை; குளியலறையும் சமையலிடமும் வைக்க இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது தவிர்க்க முடியாதது. சேருங்கள். ஆனால் நடுச்சுவரை முழுதாக எடுக்காமல் ஒரு வழி மட்டும் திறவுங்கள். தேவையற்ற கதவை உட்புறமாக மட்டும் அடைத்து, வெளியே கதவு, நிலைப்படி, எண் எல்லாம் அப்படியே இருக்க விடுங்கள். அந்த எண்ணிக்கை நிறுவியவர் காப்பதாக வாக்களித்த ஆட்களின் எண்ணிக்கை. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், உள்ளே செய்யும் மாற்றத்துக்கும் உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். இல்லாமல் செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, எனவே கேட்காமல் இருக்கக் காரணமும் இல்லை.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் என்ன சாந்து, எந்த மணல், எந்தச் சுவர், யார் செய்தது, தரைக்கடியில் குழாய் எங்கே போகிறது என்று படத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை அலுவலக அலமாரியில் பூட்டாமல் குடியிருப்பவர்கள் கைக்கெட்டும்படி கூடத்தில் வைத்து, முதல் சொட்டு எங்கே விழுந்தது, எந்த மாதம் சுவர் கறுத்தது என்பதை அவர்களையே தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பழைய கட்டடப் பராமரிப்பில் ஈடுபட்டிருக்கும் தமிழர்கள் சிலர்